பிள்ளை வீட்டில் இருப்பது வேறு, வீட்டில் படிப்பது வேறு

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கல்விக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

வீட்டுக் கல்வி பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் ஆலிமும் அல்ல, பேராசிரியரும் அல்ல. மளிகை மொத்த வியாபாரம் செய்பவன். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள் என்ற செய்தி ஊரில் பரவியதால் இந்த மேடை எனக்குக் கிடைத்திருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் சிட்டையை நீட்டும்போதே, "பாய், உங்கள் வீட்டுப் பிள்ளையைப் போல எங்கள் பிள்ளையையும் நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறோம்" என்கிறார்கள். அந்த 'நிறுத்திவிடலாம்' என்ற சொல்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. நாங்கள் யாரையும் நிறுத்தவில்லை. அதைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

முதலில் இது எப்படி ஆரம்பித்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஏறத்தாழ 19 மாதங்கள்! என் மூத்த மகளுக்கு அப்போது பத்து வயது. முன்னேற்ற அறிக்கையில் கணக்குக்குத் தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண். என் மனைவி பி.எஸ்சி. கணிதம் படித்தவர். ஒருநாள் பிள்ளையிடம், "ஒரு சிப்பம் அரிசி 26 கிலோ, எட்டு வீட்டுக்குச் சமமாகப் பங்கு போடு" என்று கேட்டிருக்கிறார். பிள்ளை முழித்தாள். புத்தகத்தில் இருந்த வகுத்தல் கணக்கை அப்படியே போடுவாள். மூட்டையை வகுக்கத் தெரியவில்லை. அன்று முதல் என் மனைவி உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் திறந்தபோது மூத்தவளையும் மகனையும் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவு செய்தோம். கடைக்குட்டியும் பிறகு சேர்ந்துகொண்டாள்.

இதைக் கேட்டு ஆஹா என்று கைதட்டுவதற்கு முன்னால், ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதைக் கேளுங்கள்.

சுபுஹுக்குப் பிறகு குர்ஆன். எட்டரை மணிக்குக் கூடத்தில் பாய் விரித்தாகிவிடும். பன்னிரண்டரை வரை படிப்பு. வருகைப் பதிவேடு ஒன்று போட்டிருக்கிறோம். என்ன பாடம், எத்தனை பக்கம், எது புரியவில்லை என்று தினமும் எழுத வேண்டும். கடையில் பற்று வரவு எழுதாதவன் ஆறு மாதத்தில் கடையை மூடுவான் அல்லவா? படிப்பும் அப்படித்தான். எழுதி வைக்காவிட்டால் ஒரு மாதம் போனதே தெரியாமல் போய்விடும்.

கணக்குப் பாடத்துக்கு எங்களுக்குக் கடையே புத்தகம். 5 விழுக்காடு வரி சேர்த்து 210 ரூபாய் விலையுள்ள பொருளின் அசல் விலை என்ன? பெரியவர்களில் பலரே 210இல் 5 விழுக்காட்டைக் கழித்து 199 ரூபாய் 50 காசு என்பார்கள். விடை 200 ரூபாய். ஏன் என்று என் மகள் சொல்வாள். ஜகாத்தும் எங்களுக்குப் பாடம்தான். விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கு, கையிருப்பு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய கடன் என்று நான்கு பத்தி போட்டு, நாற்பதில் ஒரு பங்கு கணக்கிட வேண்டும். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாட்கள், ஆங்கில ஆண்டுக்கு 365 நாட்கள். மார்ச் மாதம் கணக்கு முடித்து ஜகாத் கொடுப்பவர் இரண்டரை விழுக்காடு கொடுத்தால் பதினோரு நாள் கணக்கு விட்டுப்போகிறது; சுமார் 2.58 விழுக்காடு கொடுத்தால்தான் சரிப்படும். பத்து இலட்ச ரூபாய் இருப்புக்கு எழுநூற்றைம்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருகிறது என்று அவளே போட்டுக் காட்டினாள். (முன்வரிசையில் இரண்டு மூன்று முதலாளிகள் இப்போது மனக்கணக்குப் போடுகிறார்கள் என்று தெரிகிறது. நல்லதுதான்.)

தமிழ்ப் பாடத்துக்கு என் மாமியார். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தை மிதித்ததில்லை. ஆனால் அவருடைய தாயாரிடம் அரபுத்தமிழ் கற்றவர். தமிழ்ச் சொல்லை அரபு எழுத்தில் எழுதும் அந்தக் கலை நம் கடற்கரை ஊர்களின் வீடுகளில்தான் வாழ்ந்தது. பழைய மாலைகளை அவர் சரளமாக வாசிப்பார், பத்திரிகைத் தலைப்பை வாசிக்க முடியாது. பேத்தி தினமும் அவருக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அவர் பேத்திக்கு அரபுத்தமிழ் சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்தப் பண்டமாற்று இரண்டு வருடம் நடந்தது. இப்போது என் மாமியார் வங்கியில் கைநாட்டு வைப்பதில்லை. தமிழில் கையெழுத்துப் போடுகிறார். மாஷா அல்லாஹ்!

சகோதரர்களே, இதுவரை சொன்னது இனிப்பான பகுதி.

யார் தோளில் சுமை?

வீட்டுக் கல்வி பற்றி மேடையில் பேசுகிறவன் நான். அதைச் செய்கிறவர் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். காலை நான்கு மணி நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போகிறார். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு மறுநாள் பாடத்தைப் படிக்கிறார். வேலைக்குப் போகிற ஆசிரியைக்கு மாதச் சம்பளம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை உண்டு. இவருக்கு இரண்டும் இல்லை. உங்களில் யாராவது, "நாங்களும் வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம்" என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் வீட்டில் அம்மாவைக் கேட்டீர்களா?" என்பதுதான். பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது வீடு என்ற இடம். வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தால் எல்லோருக்கும் வேலை ஞாபகம் வருகிறது. "சும்மாதானே இருக்கிறாய், குழந்தையைக் கொஞ்சம் பார்." "வந்தவர்களுக்குத் தேநீர் போடு." "பெரியம்மா வீட்டுக்குப் போய் இதைக் கொடுத்துவிட்டு வா." மையித்து வீடு, கல்யாண வீடு, சுன்னத் வீடு என்றால் முதலில் கூப்பிடப்படுவது பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. கவனித்துப் பாருங்கள், இந்த வேலைகளில் பத்துக்கு ஒன்பது பெண்பிள்ளைக்கே வரும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெண்ணை மணி அடித்துக் காப்பாற்றுகிறது. வீட்டில் படிக்கிற பெண்ணை யார் காப்பாற்றுவது?

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். எட்டரையிலிருந்து பன்னிரண்டரை வரை வாசல் கதவு சாத்தியிருக்கும். உறவினரானாலும் அந்த நேரத்தில் வர வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டோம். மனத்தாங்கல் வந்தது. "படிப்பு என்று சொந்தத்தை அறுக்கிறான்" என்று பேச்சும் வந்தது. இருந்தும் கதவு சாத்தியே இருந்தது. அந்தக் கதவைச் சாத்தும் துணிச்சல் உங்களிடம் இல்லையென்றால், தயவுசெய்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புங்கள்.

மகன் விஷயம் வேறு மாதிரி. அவனுக்கு ஒன்பது வயதானபோது, "வாப்பா, எனக்குக் கூட்டாளியே இல்லை" என்றான். மாலையில் மதரஸா இருக்கிறது, மைதானம் இருக்கிறது, ஆனாலும் அவன் மனம் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. 2023இல் அவனைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். கல்வி உரிமைச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. இடையில் பள்ளியில் இல்லாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதன் நான்காவது பிரிவு சொல்கிறது. அவன் இன்று மகிழ்ச்சியாகப் போய் வருகிறான். ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பொருந்துவது இன்னொரு பிள்ளைக்குப் பொருந்தாது. இதில் கௌரவப் பிரச்சினை எதுவும் இல்லை.

சட்டமும் சான்றிதழும்

சட்டத்தைத் தொட்டுவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை சொல்லப்படவில்லை. வீட்டுக் கல்வி என்ற பேச்சும் அதில் இல்லை. அரசியல் சாசனத்தில் 2002இல் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவின் உட்பிரிவும் அந்த வயதுப் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பு அளிப்பதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமை ஆக்கியிருக்கிறது. தண்டனை இல்லை என்பதால் கடமை இல்லை என்று ஆகிவிடாது. நம் சமுதாயத்துக்கு இந்தப் பாடத்தை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதினான்கு வயதுக்குப் பிறகு கேள்வி மாறுகிறது. சான்றிதழ் எங்கே? எத்தனை அறிவு இருந்தாலும் கையில் காகிதம் இல்லையென்றால் உலகம் கதவைத் திறக்காது. இதற்கு முறையான வழி உண்டு. 1989இல் தேசிய திறந்தநிலைப் பள்ளி என்று தொடங்கி, 2002இல் தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என்று பெயர் மாறிய மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்கள் தேற வேண்டும். வருடத்தில் இரண்டு முறை தேர்வு நடக்கிறது. பதிவு ஐந்து வருடம் செல்லும். ஒரே தடவையில் எல்லாவற்றையும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. என் மகள் இரண்டு பாடங்களை ஒரு தேர்விலும் மீதியை அடுத்த தேர்விலும் எழுதும்படி திட்டமிட்டிருக்கிறோம். மாநில அரசின் தேர்வுத் துறை வழியாகத் தனித்தேர்வராக எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் எழுதுகிறவர்களும் உண்டு. அதில் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடுகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். எந்தப் படிப்புக்கு, எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதையும் பதிவு செய்வதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் இல்லாததன் விலை என்ன என்பது வளைகுடா கண்ட நம் குடும்பங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று அச்சாகி வரும்போது தெரியும். இன்னொன்றும் சொல்கிறேன். போராடி, ஊர்வலம் போய், மாநாடு நடத்தி, 2007இல் தமிழகத்தில் நமக்கு மூன்றரை விழுக்காடு தனி இடஒதுக்கீடு கிடைத்தது. இங்கே இருக்கும் பெரியவர்களில் எத்தனை பேர் அதற்காக வெயிலில் நின்றீர்கள்! அந்த மூன்றரை விழுக்காட்டில் ஓர் இடம் வேண்டுமென்றால் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டுமே. வீட்டுக் கல்வி என்ற பெயரில் எட்டாம் வகுப்போடு உட்காரவைத்த பெண்ணுக்கு அந்த ஒதுக்கீட்டால் என்ன பயன்? பதினைந்து வயதில் கல்லாப்பெட்டியில் உட்காரவைத்த பையனுக்கு என்ன பயன்?

2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை, நாட்டில் 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கூடமே போகாதவர் அல்லது பாதியில் நின்றவர் என்று சொன்னது. தமிழகத்தில் நம் நிலை வடமாநிலங்களைவிட மேல்தான். ஆனால் அந்தக் கணக்கில் இருந்த பிள்ளைகளும் வீட்டில்தான் இருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். வீட்டில் இருந்தார்கள், படிக்கவில்லை.

நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் பெயரைச் சிலர் என்னிடம் உதாரணமாகச் சொல்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றவர், வீட்டிலேயே படித்து 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டவர், உ.வே.சாமிநாதையரே அதற்கு முன்னுரை தந்தார் என்கிறார்கள். எல்லாம் உண்மை. அவரை நினைத்துப் பெருமைப்படுகிறேன். ஆனால் அவரைப் போலவே படிப்பை நிறுத்திய மற்றப் பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரியுமா? ஒருவர் நீந்திக் கரையேறினார் என்பதற்காக எல்லோரையும் கடலில் தள்ள முடியுமா?

பயத்தினால் வேண்டாம்

"வெளியே போனால் பிள்ளை கெட்டுவிடும், ஈமான் போய்விடும், அதனால் வீட்டிலேயே வைக்கிறோம்" என்கிறவர்களும் உண்டு. 2022இல் கர்நாடகத்தில் ஹிஜாபைக் காரணம் காட்டி மாணவிகளை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தினார்கள். உயர்நீதிமன்றத் தீர்ப்பும் அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை. உச்சநீதிமன்றத்தில் அந்த ஆண்டு அக்டோபரில் இரண்டு நீதிபதிகளும் இருவேறு தீர்ப்பு அளித்தார்கள். அந்த நாட்களில் நம் பெற்றோர்கள் பட்ட வேதனையை நானும் பட்டேன். ஆனால், அந்த மாணவிகள் கேட்டது என்ன? "எங்களை உள்ளே விடுங்கள், படிக்க விடுங்கள்" என்றுதானே கேட்டார்கள்! கதவை அவர்கள் மூடியபோது கொதித்தெழுந்த நாம், அதே கதவை நம் கையாலேயே சாத்தலாமா?

பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கற்றுக் கொடுத்தால் அதுவே அவர்களுடைய விடுதலைக்கான ஈட்டுத்தொகை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக வரலாற்று நூல்களில் படிக்கிறோம். அந்த ஆசிரியர்கள் யார்? முஸ்லிம்கள்கூட அல்ல. நேற்றுவரை வாள் தூக்கி வந்த எதிரிகள். அவர்களிடம் பிள்ளைகளை உட்காரவைக்க நபியவர்கள் அஞ்சவில்லை. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்ததையும் ஹதீஸ் நூலில் காண்கிறோம். நபியவர்களின் வீட்டுக்குள்ளேயே ஒரு பெண்ணுக்கு ஒரு பெண் எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக் கல்விக்கு ஆதாரம் தேடுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நோக்கம் அறிவைப் பெருக்குவதாக இருந்தது என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

வணிகர்களிடம் இன்னொரு கேள்வி. நம் கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் மாற்று மதச் சகோதரர்கள். சரக்கு அனுப்புகிற மொத்த வியாபாரி செட்டியாராக இருப்பார், நாடாராக இருப்பார். லாரிக்காரர் வேறொருவர். இவர்களோடு பேசிப் பழகத் தெரியாத பிள்ளையை வளர்த்துவிட்டு நாளை கடைச் சாவியை எப்படிக் கொடுப்பீர்கள்? என் மகள் வாரத்தில் மூன்று நாள் நூலகம் போகிறாள். இயற்பியலுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போகிறாள். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல. ரமலானில் அவள் நோன்பு வைத்திருக்கிறாள் என்று அவர் வீட்டில் அந்த நேரத்தில் காப்பிகூடப் போடுவதில்லை. வீட்டிலேயே படிக்கிற பிள்ளை என்பதால் இந்தப் பழக்கத்தை நாங்கள் தேடிப் போய் ஏற்படுத்த வேண்டியிருந்தது.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கிறோம், மையித்துப் பதிவேடு வைத்திருக்கிறோம், சந்தாப் பாக்கிக்குக்கூடப் பதிவேடு வைத்திருக்கிறோம். நம் மஹல்லாவில் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? அதற்கு ஒரு பதிவேடு வையுங்கள். பெயர், வயது, கடைசியாகப் படித்த வகுப்பு, ஏன் நின்றது. அவ்வளவு போதும். வீடு வீடாகப் போக இங்கே இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார்கள். பதினான்கு வயது தாண்டியவர்களுக்குப் பதிவுக் கட்டணம் கட்ட வழியில்லையென்றால் பைத்துல்மாலிலிருந்து கொடுங்கள். மதரஸாக் கட்டடம் காலை ஒன்பது மணி முதல் மாலை வரை பூட்டித்தான் கிடக்கிறது. அதில் ஓர் அறையைத் திறந்து, படித்த பெண்கள் இருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளை அங்கே உட்காரவைக்கலாம். சம்பளத்துக்கு, இலவசமாக அல்ல. நம் சமுதாயத்தில் படித்த பெண்ணின் உழைப்பு என்றால் மட்டும் எல்லோருக்கும் ஸவாப் ஞாபகம் வந்துவிடுகிறது. ஒரு வருடத்துக்கான அந்தச் சம்பளத்தில் என் கடையின் பங்கை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் கொடுக்க வருகிறவர்கள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், கடைசியாகப் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று யாரும் வராமல் இருந்துவிட வேண்டாம், வழி இருக்கிறது. பாடம் நடத்துவது பற்றி, நேர ஒழுங்கு பற்றிக் கேள்வி இருந்தால் என்னைக் கேட்காதீர்கள். தாய்மார்கள் பகுதியில் என் மனைவி பதிவேட்டையும் பாடக் குறிப்புகளையும் கொண்டு வந்திருக்கிறார். இஷா தொழுகை வரை இருப்பார், இன்ஷா அல்லாஹ்.